1936 எல்மார் என்று நம்பி வாங்கிய லென்ஸ்: ஓர் எச்சரிக்கை

குழலை உள்ளே தள்ளிச் சுருக்கக்கூடிய பழைய மடக்கு லென்ஸ் ஒன்றை வாங்கிய பிறகு படங்கள் தெளிவாக வராமல் போய், அதற்கு உங்கள் கேமராதான் காரணம் என்று விற்றவரே சொன்னால், கேமராவில் அவர் கை வைப்பதற்கு முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். நான் யோசிக்காமல் சம்மதித்தேன். 22,000 ரூபாய் கொடுத்து வாங்கிய லென்ஸ் போலியாக இருந்தது ஒரு புறம் என்றால், அதுவரை எந்தக் குறையும் இல்லாதிருந்த என் கேமராவும் அதனால் கெட்டது.

என்னிடம் இருப்பது ஃபெட்-2. அன்றைய சோவியத் யூனியனின் கார்கிவ் நகரில் 1955 முதல் 1970 வரை தயாரான ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா; பார்வைச் சாளரத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றுசேர்த்து ஃபோகஸ் செய்யும் வகை. அதனுடன் வந்த இன்டஸ்டார்-26எம் லென்ஸில் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறேன். ஜெர்மனியின் பழைய லைகா கேமராவைப் போலவே இதற்கும் 39 மி.மீ. திருகு லென்ஸ்கள் பொருந்தும் என்பதால், லைகாவுக்காக வெட்ஸ்லார் நகரின் லைட்ஸ் நிறுவனம் செய்த உண்மையான எல்மார் லென்ஸ் ஒன்றை மாட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. பழைய கேமராக்கள் விற்கும் ஒரு கடையில் 50 மி.மீ., எஃப்/3.5 மடக்கு லென்ஸ் ஒன்றைக் காட்டினார்கள். முன்வளையத்தில் லைட்ஸ், வெட்ஸ்லார், எல்மார் என எல்லாமே பொறித்திருந்தன. வரிசை எண்ணை வைத்து 1936இல் செய்தது என்றார் கடைக்காரர். பூஞ்சை இல்லை, குழலை இழுத்துத் திருகினால் உறுதியாகப் பூட்டிக்கொண்டது. அதில் எடுத்ததாக அவர் காட்டிய மாதிரிப் படமும் தெளிவாகவே இருந்தது. அது உச்சி வெயிலில் எடுத்த படம் என்பதையும், பில்லில் ‘பழைய லென்ஸ் – 1’ என்று மட்டுமே எழுதியிருந்ததையும் நான் அன்று பொருட்படுத்தவில்லை.

முதல் ஃபிலிம் சுருளில் வெயிலில் அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) எஃப்/11 எனச் சுருக்கி எடுத்தவை எல்லாம் நன்றாக வந்தன; திறப்பு சிறிதாக இருந்தால் ஃபோகஸ் பிழை வெளியே தெரியாது. வீட்டுக்குள் ஜன்னல் வெளிச்சத்தில், முழுதும் திறந்து 3.5 வைத்து, ஒன்றரை மீட்டர் தொலைவில் எடுத்த அப்பாவின் முகமோ மங்கலாக இருந்தது. அவருக்கு ஒரு சாண் பின்னால் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் எழுத்துகள் மட்டும் துல்லியமாகத் தெரிந்தன. கடைக்குக் கொண்டுபோனேன். “சார், ரஷ்யக் கேமராவில் ரேஞ்ச்ஃபைண்டர் இப்படித்தான் விலகும், சரிசெய்து தருகிறேன்” என்று சொல்லி 1,800 ரூபாய் வாங்கினார். அடுத்த சுருளில் எல்லாம் சரியாக வந்தன. அவருக்கு நன்றிகூடச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து இன்டஸ்டார்-26எம் லென்ஸை மீண்டும் மாட்டிய போதுதான், இத்தனை ஆண்டுகள் பிசகாதிருந்த அதில் ஃபோகஸ் ஆளுக்கு முன்னாலேயே விழுவதைக் கண்டேன்.

ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸின் பின்புறம் உள்ள ஃபோகஸ் வளையம் எவ்வளவு நகர்கிறது என்பதைக் கேமராவுக்குள் இருக்கும் ஒரு சிறு கை தொட்டு அறிகிறது. கண்ணாடிகள் இருக்கும் குழல் அந்த வளையத்துக்குள் தனியாகச் சறுக்குகிறது. ஆகவே குழல் பாதிதான் வெளியே வந்திருந்தாலும், கண்ணாடித் தொகுதி இடம் மாறி உட்கார்ந்திருந்தாலும், பார்வைச் சாளரத்தில் இரண்டு பிம்பங்களும் ஒழுங்காகவே ஒன்றுசேரும். ஃபிலிமைக் கழுவும் வரை தவறு வெளியே வராது. இந்த வகை லென்ஸில் ஏமாற்றுவது சுலபமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஃபெட்-2வின் பின்மூடி முழுவதும் கழன்று வரும் என்பதால் வீட்டிலேயே சோதிக்க முடிந்தது. ஒரு சிறு கண்ணாடித் துண்டின் ஒரு பக்கத்தை எமரி தாளால் தேய்த்து மங்கலாக்கி, அந்தப் பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி ஃபிலிம் படியும் இடத்தில் வைத்து, ஷட்டரை ‘பி’யில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை மூடாத நிலையில்) திறந்து பிடித்துக்கொண்டு, மொட்டைமாடியிலிருந்து தொலைவில் தெரியும் செல்போன் கோபுரத்தை உருப்பெருக்கியால் பார்த்தேன். இன்டஸ்டார்-26எம் இன்ஃபினிட்டி (வெகுதொலைவு) குறியில் கோபுரத்தின் கம்பிகளைத் தனித்தனியாகக் காட்டியது. ‘எல்மார்’ அதே குறியில் மங்கலாகவும், 10 மீட்டர் குறிக்கு வந்த பிறகே தெளிவாகவும் காட்டியது. 50 மி.மீ. லென்ஸில் அது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் பிழை. கண்ணாடித் தொகுதி அந்த அளவுக்கு ஃபிலிமுக்கு அருகில் இருந்தது. குழலைப் பலமுறை உள்ளே தள்ளி, இழுத்துப் பூட்டிப் பார்த்தும் ஒரே விடைதான் வந்தது. குழல் தேய்ந்து ஆடியிருந்தால் ஒவ்வொரு முறையும் விடை மாறியிருக்கும்.

வேறொரு மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது, கண்ணாடித் தொகுதியின் அடியில் இருக்க வேண்டிய மெல்லிய வாஷர் காணவில்லை. அதைவிட முக்கியமாக, அது எல்மாரே இல்லை, பெயர் மாற்றிய இன்டஸ்டார்-22 என்ற சோவியத் லென்ஸ் என்றார். 1936ஆம் ஆண்டு எல்மாரில் அப்பர்ச்சர் எண்கள் 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18 என்று செல்லும்; என்னுடையதில் 4, 5.6, 8, 11, 16 என்று இருந்தன. எல்மாரில் அப்பர்ச்சர் தகடுகள் முதல் கண்ணாடிக்கு அடுத்தே இருக்கும். இதில் இரண்டாம் கண்ணாடிக்கும் பின்னால் இருந்தன. கண்ணாடியின் ஊதாப் பளபளப்பும் போருக்கு முந்தைய லென்ஸுக்கு உரியதல்ல என்றாலும், பழைய லென்ஸ்களுக்குப் பிற்காலத்தில் பூச்சு கொடுத்ததுண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். இன்டஸ்டார்-22 மட்டமான லென்ஸ் அல்ல. அதன் சொந்தப் பெயரில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் மகிழ்ச்சியாகவே வாங்கியிருப்பேன்.

ஆக, கடைக்காரர் சரிசெய்தது எதையும் அல்ல. தன் லென்ஸின் பிழைக்கு ஏற்றபடி என் ரேஞ்ச்ஃபைண்டரைப் பிழையாக்கினார். அந்த 1,800 ரூபாய்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. லைகா III, சோர்க்கி-1 போன்ற அடிவழியாக ஃபிலிம் போடும் கேமரா வைத்திருப்பவர்களுக்குப் பின்மூடி திறக்காது என்பதால் கண்ணாடிச் சோதனை எளிதல்ல. அவர்கள் அப்பர்ச்சரை முழுதும் திறந்து வைத்து, ஒன்றரை மீட்டரிலும் வெகுதொலைவிலும் எடுத்த ஒரு சுருளைக் கழுவிப் பார்த்த பிறகு பணம் கொடுப்பது நல்லது. ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் வேறு லென்ஸ் கையில் இருந்தால், அதையும் அதே சுருளில் போட்டு எடுங்கள். அதில் தெளிவாக வரும்போது கேமராவைத் திறக்க ஒரு காரணமும் இல்லை.

கடைக்காரர் லென்ஸைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். பில்லில் எல்மார் என்ற சொல்லே இல்லாதபோது நான் அதைக் காட்டி என்ன வாதிட முடியும்? புது வாஷர் போட்டு, ரேஞ்ச்ஃபைண்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மேலும் 2,500 ரூபாய் ஆனது. சென்ற வாரம் அந்த வழியாகப் போனபோது கண்ணாடிப் பெட்டியில் இன்னொரு ‘எல்மார்’ இருந்தது. 1938 என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள், முன்வளையத்தில் 5.6, 8, 11 என்ற எண்கள் வெளியிலிருந்தே தெரிந்தன.