விடியட்டும் என்று காத்திருப்பதா, இரவே கிளம்புவதா: குழந்தையின் வயிற்றுவலியில் எதை வைத்து முடிவெடுப்பது?

போன வருடம் ஒரு நாள் மாலை, எங்கள் எட்டு வயது மகள் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றாள். பத்து மணிக்கு ஒரு வாந்தி. விடியட்டும் என்றேன் நான். இப்போதே போகலாம் என்றாள் மனைவி. ஒரு மணிக்குக் கிளம்பினோம். அப்பெண்டிசைட்டிஸ் என்பார்களே, அந்தக் குடல்வால் அழற்சி. குடல்வால் வெடிப்பதற்குள் அறுவை முடிந்துவிட்டது. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சந்தேகம் வந்தால் இரவே போய்விடுங்கள்.

பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், கல்லு மாதிரி இறுகிய வயிறு, அடிபட்ட பின் வலி, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, இதிலெல்லாம் யோசிக்கவே வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

காத்திருப்பதிலும் நியாயம் உண்டு. குழந்தைகளின் வயிற்றுவலி பெரும்பாலும் மலச்சிக்கலாலோ வயிற்றுக் கிருமியாலோ வருவது. கழிப்பறை போய்வந்ததும் குறைகிறது, நடுவில் விளையாடுகிறது, பசிக்கிறது என்கிறது என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். வாந்தியோடு வயிற்றுப்போக்கும் இருந்தால் சிறுநீர் சரியாகப் போகிறதா என்று மட்டும் கவனமாக இருங்கள்.

எங்களுக்கு முடிவைத் தந்தது ஒரே விஷயம்: அசைந்தால் வலி கூடுகிறதா? மலச்சிக்கல் வலியில் பிள்ளை புரளும், நெளியும். குடல்வால் வீங்கி வயிற்றின் உட்சவ்வைத் தொட்டுவிட்டால் ஒவ்வொரு அதிர்வும் குத்தும், அதனால் அசையாமல் கிடக்கும். முதலில் தொப்புளருகே மந்தமாக இருக்கும் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்குவதும் அந்தக் கட்டத்தில்தான். பத்து மணிக்குப் புரண்டுகொண்டிருந்தவள், பன்னிரண்டரைக்குக் கழிப்பறைக்குக் குனிந்தபடியே சுவரைப் பிடித்துப் போனாள். ஒற்றைக் காலில் குதித்துக் காட்டு என்றேன். குதிகாலைக் கொஞ்சம் தூக்கினாள், அப்படியே மெல்ல இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். அதற்குமேல் எனக்கு எந்த வாதமும் மிஞ்சவில்லை.

விடியும்வரை ஆறு மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் கணக்கு வலி தொடங்கிய நேரத்திலிருந்து ஓடுகிறது. ஒன்றரை நாளைத் தாண்டத் தாண்ட வெடிக்கும் அபாயம் ஏறிக்கொண்டே போகும். வெடித்ததும் சிலருக்கு வலி சட்டென்று குறையும், சரியாகிவிட்டது என்று ஏமாந்துவிடக் கூடாது. பிறகு காய்ச்சலோடு வயிறு முழுக்க வலி பரவும்.

சீக்கிரம் போவதில் ஒரு குறையும் உண்டு. ஆரம்பத்தில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் ஒன்றும் காட்டாமல் போகலாம். திருப்பி அனுப்பினால் எந்த அறிகுறி வந்தால் மறுபடி வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள், வலி கூடினால் தயங்காமல் திரும்பப் போங்கள்.

அப்புறம் மருந்து. வலி மாத்திரை கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று பயந்து, அவளை வீணாகத் துடிக்கவிட்டேன். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுப்பதால் மருத்துவரின் கண்டுபிடிப்பு கெடாது. பேதி மருந்துதான் கூடாது. சாப்பாடும் கொடுக்காதீர்கள், அறுவை தேவைப்பட்டால் வெறும் வயிறு வேண்டும்.

நான் சொல்வது எட்டு வயதுப் பிள்ளையை வைத்து. வலிக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாத சின்னக் குழந்தைக்கு இந்தக் குதிக்கும் சோதனையை நம்ப மாட்டேன். அந்த வயதில் குடல் குடலுக்குள் செருகிக்கொண்டால், முழங்காலை மடக்கி வீறிட்டு அழும், கொஞ்ச நேரம் அமைதியாகும், மறுபடி வீறிடும். அந்த அமைதியைப் பார்த்துக் காத்திருக்கவே கூடாது. பையன்கள் விதை முறுக்கிக்கொண்ட வலியையும் கூச்சத்தில் வயிற்றுவலி என்றே சொல்வார்கள். அதனால் கீழேயும் வலிக்கிறதா என்று கேளுங்கள், வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். முறுக்கிய விதையைக் காப்பாற்ற ஏறக்குறைய 6 மணி நேரம்தான்.