கார் ஷட்டருக்கு சைடு மோட்டாரா, பைப்புக்குள்ள போற மோட்டாரா? ரெண்டையும் வச்சுப் பாத்துட்டு சொல்றேன்

வீட்டு கார் பார்க்கிங்ல போட்ட மோட்டார் ஷட்டர் மக்கர் பண்ணுது, ரிப்பேர் பாக்கலாமா மோட்டாரையே மாத்தலாமான்னு யோசிச்சிட்டு இருக்கறவங்களுக்காக எழுதறேன். எங்க வீடு சென்னை மடிப்பாக்கத்துல. ஷட்டர் 10 அடி அகலம், 8 அடி உயரம், கனம் கிட்டத்தட்ட 100 கிலோ வரும். மொதல்ல அஞ்சு வருஷம் டியூபுலர் மோட்டார் இருந்துச்சு, அதாவது ஷட்டர் சுருள்ற பைப்புக்குள்ளயே உக்காந்திருக்கறது. இப்ப ரெண்டு வருஷமா சைடு மோட்டார், பக்கத்துல தனியா நின்னு செயின் போட்டு பைப்ப சுத்தறது. நான் சைடு மோட்டார் பக்கம்தான், அதை இப்பவே சொல்லிடறேன்.

அழகு, சத்தம் ரெண்டுலயும் டியூபுலர்தான் நல்லா இருக்கும், அதுல பேச்சே இல்ல. வெளிய ஒண்ணும் தெரியாது, பக்கத்துல இடமும் கேக்காது. சைடு மோட்டாருக்கு பக்கத்துல ஒரு அடிக்கு மேல இடம் விடணும், செயின் கரகரன்னு சத்தம் போடும், காலைல அஞ்சு மணிக்கு வண்டி எடுத்தா மாடில தூங்கறவங்களுக்கு நல்லாவே கேக்கும். ரிமோட் ரெண்டுத்துக்கும் ஒரே கதைதான், கிட்ட வந்து அமுக்கினாதான் வேலை செய்யுதுன்னா மொதல்ல ரிமோட் பேட்டரிய மாத்திப் பாருங்க, அதுக்குப் போய் ஆளக் கூப்பிடாதீங்க.

என் மனச மாத்தினது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்தான். 3ம் தேதி ராத்திரியே எங்க தெருவுல கரண்ட் போச்சு. காலைல எந்திரிச்சுப் பாத்தா வாசல்ல தண்ணி, கார் டயர்ல பாதி வரைக்கும் ஏறிடுச்சு, வண்டிய எடுத்துட்டுப் போய் வேளச்சேரி பாலத்துல நிறுத்திடலாம்னு சாவியோட ஓடுறேன், ஷட்டர் திறக்கல. இன்வெர்ட்டர் லைன் ஷட்டருக்கு இழுக்கவே இல்ல. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் கடப்பாரைய கீழ் பட்டைக்கு அடில குடுத்து நெம்பினோம், ஒரு இஞ்ச் கூட அசையல. டியூபுலர் மோட்டார்ல கரண்ட் இல்லன்னா உள்ள இருக்கற பிரேக் பைப்ப கெட்டியா புடிச்சுக்கும், அது பாதுகாப்புக்குத்தான், ஆனா வெளிய இருந்து கைப்பிடி போட்டு சுத்தற வசதி இருக்கற மாடல் வாங்கியிருந்தாதான் கையால ஏத்த முடியும். எங்களுக்குப் போட்டுக் குடுத்ததுல அது இல்ல, அப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் சொல்லல, கேக்கணும்னு எனக்கும் தெரியல. வண்டி அப்படியே நின்னு தண்ணி குடிச்சுது. சீட்டுக்கு அடில இருந்த சேறு காயவே ஒரு வாரம் ஆச்சு.

"அப்ப இன்வெர்ட்டர்ல குடுத்துட்டா போதுமே"ன்னு என் மச்சானே கேட்டான். கரண்ட் இல்லாத நாளுக்கு அது சரி, ஆனா மோட்டாரே போச்சுன்னா? கண்டன்சர் (மோட்டார் சுத்த ஆரம்பிக்க உதவற சின்ன டப்பா) போச்சு, கண்ட்ரோல் போர்டு போச்சு, ஒயர எலி கடிச்சுதுன்னா? காரணம் எதுவா வேணா இருக்கட்டும், மோட்டார் படுத்துக்கிட்ட அன்னிக்கு அந்தக் கதவ எப்படித் திறப்பீங்கங்கறதுதான் கேள்வி. சைடு மோட்டார்ல ஒரு கைச்செயின் தொங்கும், கிணத்துல தண்ணி இறைக்கற மாதிரி இழுத்துட்டே இருந்தா ஷட்டர் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். கியர் இருக்கறதால கனம் தெரியாது, நேரம்தான் ஆகும். இறக்கறதுக்கு பிரேக் கயித்த இழுத்தா தன் கனத்துலயே இறங்கும், அப்ப அடில குழந்தைங்க, நாய் யாரும் நிக்கக்கூடாது. செயின்ல கை வைக்கறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணிடுங்க, பாதில கரண்ட் வந்தா கை மாட்டிக்கும்.

பழுது கண்டுபிடிக்கறதுலயும் இதே வித்தியாசம்தான். போன ஆடில எங்க சைடு மோட்டார் மேல ஏறுச்சு, கீழ மட்டும் இறங்கல. கனத்த தூக்கிட்டு மேல ஏறுதுன்னாலே மோட்டாரும் கண்டன்சரும் நல்லா இருக்குன்னு அர்த்தம், பாக்க வேண்டியது லிமிட் சுவிட்சும் (ஷட்டர் கடைசிக்கு வந்ததும் மோட்டார நிறுத்தறது) இறக்கற காண்டாக்டரும்தான் (இறக்கறதுக்கு மோட்டாருக்கு கரண்ட் விடற சுவிட்ச்). மெயின ஆஃப் பண்ணிட்டு ஸ்டூல் போட்டு பெட்டிய திறந்தா காண்டாக்டர் நடுவுல சிவப்பெறும்பு கொத்தா செத்துக் கிடந்துச்சு, கறுப்பா கருகி ஒட்டிட்டு. பழைய டூத் பிரஷ்ல தட்டி எடுத்தேன், ஓடிடுச்சு. ஒயர் வர்ற ஓட்டைய எம்-சீல் வச்சு அடைச்சேன், அப்புறம் எறும்பு வரல.

உம்ம்னு சத்தம் மட்டும் வருது, சுத்தலன்னா முக்கால்வாசி கண்டன்சர்தான். மேல் பக்கம் உப்பியிருக்கான்னு பாருங்க. அது மேல எழுதியிருக்கற அதே மைக்ரோஃபாரட் நம்பர் பாத்து வாங்கணும், ஃபேனுக்குப் போடற சின்னது சரிப்படாது. கரண்ட ஆஃப் பண்ண பிறகும் அதுல சார்ஜ் நிக்கும், பழக்கம் இல்லாதவங்க தொடாதீங்க, எலக்ட்ரீஷியன் வந்தா பத்து நிமிஷ வேலை. கீழ வந்தும் நிக்காம பட்டை மடங்குதுன்னா லிமிட் நகர்ந்திருக்கு, ஓட்டாம நிறுத்திடுங்க.

இதே கண்டன்சர் டியூபுலர்ல போனா? அது மோட்டார் குழலுக்குள்ள இருக்கு, மோட்டார் பைப்புக்குள்ள இருக்கு, பைப்புல ஷட்டர் சுத்தியிருக்கு. எங்களுக்கு மூணாவது வருஷம் அதான் ஆச்சு. ரெண்டு ஆளு, ஏணி, அரை நாள், பட்டைய எல்லாம் இறக்கி வச்சு மோட்டார உருவினாங்க. வந்த அண்ணன் "சார், சாமான் ஐநூறு கூட வராது, கூலிதான் சாமானத் தாண்டிடும்"னு அப்பவே சொன்னாரு, அப்படித்தான் ஆச்சு.

ஒண்ணு டியூபுலருக்கு நியாயமா சொல்லணும். நாலஞ்சு தடவ ஏத்தி இறக்கினதும் அது திடீர்னு செத்துப்போன மாதிரி நிக்கும், அது பழுது கிடையாது. தொடர்ந்து நாலு நிமிஷம் போல ஓடினா சூடாகி உள்ள இருக்கற தெர்மல் சுவிட்ச் கரண்ட கட் பண்ணிடும், அரை மணி நேரம் விட்டா தானா ஓடும். இது தெரியாம நான் ரெண்டு தடவ ஆள வரவச்சு காசு குடுத்தேன். அடிக்கடி இப்படி நின்னுச்சுன்னா சேனல்ல (ஷட்டர் ஏறி இறங்கற ரெண்டு பக்கத் தடம்) மண்ணு சேந்து இறுகியிருக்கும், இல்ல மோட்டார் பவர் பத்தல. 100 கிலோ ஷட்டர், சுருளோட ஆரம் 10 சென்டிமீட்டர்னா 100 நியூட்டன் மீட்டர் (பைப்ப சுத்தற பலத்தோட அளவு) கிட்ட தூக்கறதுக்கே போயிடும், உராய்வுக்கு அதுக்கு மேல வேணும். மோட்டார் லேபிள்ல அந்த நம்பர் இருக்கும், பாத்து வாங்குங்க. சேனலுக்கு கிரீஸ் வேண்டாம், தூசி புடிச்சு களிமண்ணு மாதிரி ஆயிடும், தொடச்சுட்டு சிலிகான் ஸ்ப்ரே அடிங்க. சைடு மோட்டார் செயினுக்கு மட்டும் எண்ணெய் போடணும், தளர்ந்தா இறுக்கணும், இந்த வேலை டியூபுலர்ல கிடையாது.

சைடு மோட்டார்ல எனக்கு ரெண்டு வருஷ அனுபவம்தான், அஞ்சாறு வருஷம் கழிச்சு கியர், பிரேக் எல்லாம் எப்படி இருக்கும்னு ஓட்டினவங்க சொன்னா கேட்டுக்கறேன். அலுமினிய ஷட்டர், சின்ன அகலம், பக்கத்துல சுத்தமா இடமே இல்லன்னா டியூபுலர் போடுங்க, ஆனா கைப்பிடி வசதி இருக்கற மாடலா கேட்டு வாங்குங்க, மாட்டின அன்னிக்கே ஆள் முன்னாடி மெயின ஆஃப் பண்ணி சுத்திப் பாருங்க. ஸ்பிரிங் வச்ச ஷட்டரா இருந்தா ஸ்பிரிங்க மட்டும் நீங்களா கழட்டாதீங்க, முறுக்கு விட்டுதுன்னா கை போயிடும்.

புது மோட்டார் மாட்டின அன்னிக்கு நானும் மெயின ஆஃப் பண்ணிட்டு அம்மாவ செயின் இழுக்கச் சொன்னேன். அம்மாவுக்கு 68 வயசு. நடுவுல ரெண்டு தடவ நின்னு மூச்சு வாங்கிக்கிட்டாங்க, கார் வெளிய போற அளவுக்கு ஷட்டர் ஏறிடுச்சு.