நாணயம் சேர்ப்பது ஆசைக்கா, முதலீட்டுக்கா?

ராஜராஜ சோழனின் செப்புக்காசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கைக்குக் கீழே நாகரி எழுத்தில் அரசன் பெயர். ஆயிரம் வருஷத்துக் காசு. ஏராளமாக அடிக்கப்பட்டதால் இன்றும் பெரிய விலையில்லாமல் கிடைக்கிறது. ஆசைக்குச் சேர்ப்பவருக்கு இது பொக்கிஷம். லாபம் தேடுபவருக்கு இதில் அதிகம் எதுவுமில்லை.

ஆசைக்கு என்றால் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையே போதும். வருஷத்துக்குக் கீழே பாருங்கள்: வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. நாலு ஊர்க் காசையும் வருஷவாரியாகத் தேடிச் சேர்ப்பது தனி சுகம்.

முதலீடு என்றால் கணக்கே வேறு. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். 1940 முதல் அதில் வெள்ளி பாதிதான். 1939-ஆம் வருஷ ஆறாம் ஜார்ஜ் ரூபாய் மிக அரிது, அதனாலேயே போலிகளும் உண்டு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் விலை சரிந்துவிடும். விற்கும்போது வியாபாரி தன் லாபத்தைக் கழித்துத்தான் தருவார். வட்டியும் கிடையாது. அப்புறம், பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் வரும் அழைப்புகளை நம்பவே நம்பாதீர்கள். 2021-லேயே அந்த வங்கி எச்சரித்துவிட்டது.

என்னைக் கேட்டால், ஆசையில் தொடங்குங்கள். சில வருஷம் கண் பழகட்டும். உபரிப் பணம் இருந்தால், தரச்சான்று பெற்ற அரிய காசு ஒன்றிரண்டை அப்போது வாங்கலாம். மகள் படிப்புக்கு வைத்திருக்கும் பணத்தை மட்டும் இதில் போடாதீர்கள்.