ஜெர்மனியின் மாணவர் விடுதி டியூட்டர் சேவை: புதிதாக வருவோருக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குப் புறப்படும் மாணவர்கள் அங்கே ஏற்கெனவே படிப்பவர்களிடம் கேட்கும் கேள்விகளில் பாடத்திட்டத்தைப் பற்றியவை குறைவு. தங்க அறை கிடைக்குமா, வந்து இறங்கியதும் எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும், ஏதாவது சிக்கல் என்றால் யாரிடம் கேட்பது என்பவைதாம் அதிகம். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே கூரையின் கீழ் பதில் தரும் வாய்ப்புள்ள அமைப்பு ஸ்டூடியரெண்டன்வெர்க். அதன் விடுதி ஒன்றில் தங்கிப் படித்த அனுபவத்தை வைத்து, அது புதிய வெளிநாட்டு மாணவர்களுக்கு வழங்கும் உதவியை, குறிப்பாக விடுதியில் வசிக்கும் மாணவர் ஒருவரே புதியவர்களுக்குத் துணை நிற்கும் டியூட்டர் சேவையை, இங்கே மதிப்பிடுகிறேன்.

ஸ்டூடியரெண்டன்வெர்க் பல்கலைக்கழகத்தின் ஒரு துறை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தனித்து இயங்கும் பொது அமைப்பு. நாடு முழுவதும் இத்தகைய 57 அமைப்புகள் இருக்கின்றன. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வறுமையில் மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் தருவதற்காக 1921-இல் ட்யூபிங்கன் நகரில் தொடங்கிய முயற்சியிலிருந்தே இவை வளர்ந்தன. இன்று மென்சா எனப்படும் உணவுக்கூடங்கள், விடுதிகள், அரசின் கல்வி உதவித்தொகை நிர்வாகம், சமூக ஆலோசனை, உளவியல் ஆலோசனை ஆகிய அனைத்தையும் இவையே கவனிக்கின்றன. ஒவ்வொரு செமஸ்டரும் நாம் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி இவற்றுக்குத்தான் போகிறது. ஆகவே இங்கே உதவி கேட்பதற்கு எந்த மாணவரும் தயங்க வேண்டியதில்லை. அந்தச் சேவைக்கான பணத்தை அவர் முன்கூட்டியே கட்டியிருக்கிறார்.

முதல் தடை அறை கிடைப்பதில் இருக்கிறது. 2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் ஏறத்தாழ 3,80,000 வெளிநாட்டு மாணவர்கள் படித்தார்கள். அவர்களில் இந்தியர்கள் 49,000-க்கும் மேல், நாடுவாரியாகப் பார்த்தால் முதலிடம். ஸ்டூடியரெண்டன்வெர்க் விடுதிகளில் உள்ள இடங்களோ, உள்நாட்டு மாணவர்களையும் சேர்த்து, இரண்டு லட்சத்தைத் தொடவில்லை. மாத வாடகை பெரும்பாலும் 300 யூரோவை ஒட்டி இருப்பதால் காத்திருப்போர் பட்டியல் நீளமாகவே இருக்கும். மியூனிக் போன்ற பெருநகரங்களில் முதல் செமஸ்டரிலேயே அறை கிடைப்பது அரிது. கிடைக்காதவர்களுக்கு இந்தச் சேவையின் பெரும்பகுதி எட்டாமல் போகிறது என்பது இதன் அடிப்படையான குறை. ஆலோசனைப் பிரிவுகள் மட்டும் விடுதிக்கு வெளியே இருப்போருக்கும் திறந்திருக்கின்றன.

அறை கிடைத்துவிட்டவர்களுக்கு வருவோம். டியூட்டர் என்பவர் அதே விடுதியில் வசிக்கும் ஒரு மாணவர். பெயரும் ஏற்பாடும் நகரத்துக்கு நகரம் மாறினாலும், வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோருக்குத் துணை நிற்பதும் விடுதிவாசிகளை ஒன்றுகூட்டுவதும் அவர் பணி. அவரும் ஒரு காலத்தில் பெட்டியோடு வந்து அதே வாசலில் நின்றவராக இருப்பது பெரிய பலம். எங்கள் விடுதியின் டியூட்டர் சிலி நாட்டிலிருந்து வந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்த மாணவி. புதிதாக வருபவர்களிடம் அவர் முதலில் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்குவார். அதிலுள்ள பெயரை ஒரு வெள்ளைத் தாள் கீற்றில் எழுதி, தரைத்தளத்தில் இருக்கும் அஞ்சல் பெட்டியில் ஒட்டுவார். பெட்டியைத் திறக்கும் சாவி எது என்று காட்டிவிட்டுத்தான் அறைக்கே அழைத்துப் போவார்.

இது சின்ன வேலையாகத் தெரியலாம். ஆனால் ஜெர்மனியில் அஞ்சல்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியின் மேலிருக்கும் பெயரைப் பார்த்தே கடிதத்தைப் போடுகிறார்; பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வங்கி அட்டை ஒரு கடிதத்திலும் அதன் ரகசிய எண் இன்னொன்றிலும் வருகின்றன. காப்பீட்டு அட்டை, வரி அடையாள எண் ஆகியவையும் அஞ்சலில்தான் வருகின்றன. நமக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. தந்தை பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்துக்கொள்ளும் தமிழ் மாணவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் சில சமயம் காலியாக இருக்கும். ஒரு அலுவலகம் தந்தை பெயரையும் இன்னொரு அலுவலகம் நம் பெயரையும் குடும்பப் பெயராகப் பதிந்துகொள்ளும். அந்த மாணவி இதை அறிந்து, எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு பெயர்களையும் சேர்த்தே ஒட்டினார். எந்த வழிகாட்டிக் கையேட்டிலும் நான் காணாத கவனம் இது.

அடுத்து வருவது அன்மெல்டுங் எனப்படும் முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு தந்தவர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. விடுதியில் இந்தப் படிவம் சாவியோடு சேர்த்தே கைக்கு வந்துவிடுகிறது. தனியார் வீடுகளில் தங்கும் மாணவர்கள் இந்த ஒரு தாளுக்காக வீட்டுக்காரரின் பின்னால் அலைவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. விசாவுக்காக ஸ்பெர்கோன்டோ எனப்படும் முடக்கக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டுவிட்டு வருகிறோம். அதிலிருந்து மாதம் 992 யூரோ வீதம் எடுக்க ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத் தொடங்க வங்கிகள் பெரும்பாலும் முகவரிப் பதிவுச் சான்றைக் கேட்கின்றன. சொந்தப் பணமே கையில் வந்து சேராமல் முதல் மாத வாடகைக்கு நண்பர்களிடம் கடன் வாங்கும் நிலை பலருக்கும் ஏற்படுவது இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி தாமதமாவதால்தான்.

டியூட்டர் இந்த வரிசையைச் சொல்லிக் கொடுப்பதோடு நிற்காமல், நகர அலுவலகத்துக்கு நான்கைந்து பேரைச் சேர்த்து அழைத்துச் சென்று, ஜெர்மன் மொழியிலிருக்கும் படிவத்தைக் கூடவே அமர்ந்து நிரப்ப உதவுகிறார். என் மதிப்பீட்டில் இந்தச் சேவையின் உயிர்நாடி இதுதான். தகவல் எல்லாம் இணையத்தில் ஏராளமாகக் கிடக்கிறது. புதிய ஊரில், புரியாத மொழியில், அலுவலர் ஒரு கட்டத்தைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்கும் அந்த நொடியில் பக்கத்தில் ஒருவர் இருப்பதே உதவி. பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம் நடத்தும் அறிமுக வாரத்தில் இதே செய்திகளைப் பெரிய அரங்கில் அமர்த்தி நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே மூச்சில் சொல்கிறார்கள். பயணக் களைப்பும் கால மாற்றமும் தீராத நிலையில் கேட்பவர் மனத்தில் அதில் எவ்வளவு தங்கும் என்பது கேள்விக்குறியே.

காப்பீட்டு விஷயத்தில் டியூட்டர் தன் எல்லையை அறிந்து நடந்துகொண்டதையும் பாராட்டியாக வேண்டும். முப்பது வயதுக்குட்பட்ட மாணவர்கள் அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். மலிவாக இருக்கிறதே என்று அதிலிருந்து விலக்குப் பெற்றுத் தனியார் காப்பீட்டுக்குப் போனால், அந்த விலக்கைப் படிப்பு முடியும்வரை திரும்பப் பெற முடியாது. இதை அறியாமல், ஊரிலேயே ஒரு முகவர் சொன்னதைக் கேட்டுத் தனியார் திட்டத்தில் கையெழுத்திட இருந்த ஒரு மாணவரை, டியூட்டர் தானே ஆலோசனை சொல்லாமல் சமூக ஆலோசனைப் பிரிவுக்கு அனுப்பி வைத்தார். அங்கே கட்டணமின்றி, பொறுமையாக, ஆங்கிலத்திலேயே விளக்கினார்கள். ஜெர்மனியில் தொடர்ந்து தங்குவதற்கான அனுமதி பற்றிய அறிவுரையும் அங்கேதான் கிடைத்தது: வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைக்க மாதங்கள் ஆனாலும், விசா காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்து அதற்கான ஆதாரத்தை வைத்திருந்தால், முடிவு வரும்வரை தங்கும் உரிமை தொடரும். இந்த ஒரு செய்தி தெரியாமல் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் பலர்.

குறைகளும் இருக்கின்றன, சில கடுமையானவை. விடுதி ஒப்பந்தம் அக்டோபர் முதல் தேதியில் தொடங்குகிறது. வகுப்புகள் தொடங்குவதோ பெரும்பாலும் அக்டோபர் நடுப்பகுதியில். எங்கள் விடுதியில் டியூட்டரின் அதிகாரபூர்வ நேரம் வகுப்புகளோடுதான் தொடங்கியது. அதாவது முகவரிப் பதிவுக்கான இரண்டு வாரக் கெடு ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில், உதவி மிகவும் தேவைப்படும் வேளையில், அட்டவணைப்படி அவர் பணியில் இல்லை. அந்தச் சிலி மாணவி தன் சொந்த நேரத்தில் செய்தார் என்பதால்தான் எங்கள் வேலை நடந்தது. ஒரு நல்ல மனிதரின் பெருந்தன்மையை நம்பி ஒரு சேவையை வடிவமைப்பது சரியல்ல. பணிக்காலத்தை இரண்டு வாரம் முன்னே நகர்த்தினாலே இந்தக் குறை தீரும்.

சாவி கொடுக்கும் முறை இதைவிட மோசம். ஹவுஸ்மைஸ்டர் எனப்படும் விடுதிப் பராமரிப்பாளர் வாரநாட்களில் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டுமே அலுவலகத்தில் இருப்பார். வெள்ளிக்கிழமை மாலை வந்து சேரும் மாணவர் திங்கள் காலை வரை, தன் பெயரில் அறை இருந்தும், ஓட்டலில் தங்க வேண்டும். அக்டோபர் 3 ஜெர்மன் ஒற்றுமை தினம், நாடு முழுவதும் விடுமுறை. அது வார இறுதியோடு ஒட்டி வரும் ஆண்டுகளில் நிலைமை இன்னும் நீளும். நீண்ட விமானப் பயணம் முடித்து, ஜெர்மன் மொழியில் மட்டுமே எழுதி ஒட்டிய ஓர் அறிவிப்பின் முன்னால் பெட்டிகளோடு நின்ற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாவிப் பெட்டி ஒன்றைப் பொருத்துவதோ டியூட்டரிடம் சாவியை ஒப்படைப்பதோ செய்ய முடியாத காரியமல்ல. சில விடுதிகளில் அப்படி நடக்கவும் செய்கிறது.

உளவியல் ஆலோசனையைப் பற்றியும் ஒரு சொல். முதல் சில வாரங்களின் பரபரப்பில் யாருக்கும் தனிமை உறைப்பதில்லை. நவம்பரில் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும்போதுதான், தாள்கள் எல்லாம் சரியான பிறகுதான், மனம் கனக்கத் தொடங்குகிறது. பெரும்பாலான ஸ்டூடியரெண்டன்வெர்க்குகளில் இதற்கென ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பேசியவை வெளியே போகாது. ஆனால் முதல் சந்திப்புக்கே காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளியை டியூட்டர் நடத்திய பொதுச் சமையலறை மாலைகள் ஓரளவு நிரப்பின. பெரிய கொண்டாட்டங்களுக்கு வந்தவர்கள் தங்கள் மொழிக்காரர்களோடு நின்றுவிட்டுப் போனார்கள். எட்டுப் பேர் கூடிக் காய்கறி நறுக்கிய மாலைகளில் பிறந்த நட்புதான் நிலைத்தது. எந்தக் குப்பை எந்தத் தொட்டியில், இரவு பத்து மணிக்குப் பிறகு ஏன் சலவை இயந்திரம் ஓடக்கூடாது, குளிர்காலத்திலும் ஜன்னலைச் சிறிது நேரம் அகலத் திறந்து வைக்காவிட்டால் சுவரில் பூஞ்சை எப்படிப் படரும் என்பவற்றையும் அங்கேதான் கற்றுக்கொண்டோம்.

கட்டணம் வாங்கிக்கொண்டு விமான நிலையத்தில் வரவேற்பு, முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்லும் தனியார் தொகுப்புகள் நிறைய வந்துவிட்டன. விடுதியில் இடம் கிடைத்தவர்களுக்கு அவை தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. விடுதி கிடைக்காதவர்களும் பணம் கட்டும் முன், வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவும் தன்னார்வ அமைப்பான ஈராஸ்மஸ் மாணவர் வலையமைப்பின் உள்ளூர்க் கிளையையும், புதியவருக்கு இன்னொரு மாணவரைத் துணையாக இணைத்துவிடும் தங்கள் பல்கலைக்கழகத்தின் திட்டத்தையும் விசாரித்துப் பார்க்கட்டும்.

வர இருப்பவர்களுக்கு நடைமுறையாகச் சில: சேர்க்கை உறுதிக் கடிதத்துக்குக் காத்திருக்காமல் விண்ணப்பம் ஏற்கிறார்களா என்று பார்த்து, முடிந்தவரை முன்னதாகவே அறைக்குப் பதிந்து வையுங்கள். அறை உறுதியானதும் ஹவுஸ்மைஸ்டரின் நேரத்தையும் டியூட்டரின் தொடர்பையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். விமானச் சீட்டை வாரநாள் காலையில் சேரும்படி எடுங்கள். ஓராண்டு கழிந்ததும் டியூட்டர் பணிக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் மட்டுமே வேலை செய்யலாம் என்ற வரம்பில், விடுதி டியூட்டர் பணி மாணவர் துணைப்பணியாகக் கருதப்படுவதால், கணக்கில் சேர்வதில்லை. ஆனாலும் தொடங்கும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுவது நல்லது.