வெளுப்பைப் பார்ப்பதா, வைரஸைத் தேடுவதா?

ஏற்காட்டில் காப்பி பறிக்கப் போகும் பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்றால் முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, அசிட்டிக் அமிலம். நர்ஸ் பஞ்சில் 3 முதல் 5 சதவீதக் கரைசலைத் தொட்டு வைத்து ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார். சந்தேகமான இடம் வெளுக்கும். முடிவு அங்கேயே தெரிந்துவிடும். அதற்காக மறுபடி மலையிறங்கி சேலம் வந்து ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம். ஆனால் எல்லாம் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. மாதவிடாய் நின்றவர்களுக்கு அவ்வளவாக உதவாது.

இன்னொன்று எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரஸைத் தேடுவது. தவறவிடுவது குறைவு. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம். கூச்சத்தால் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருஷத்துக்கு ஒரு முறை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிடைத்தால் இதையே செய்யுங்கள் என்பேன்.

சரி, கூடவே வேறு பால்வினைத் தொற்று இருந்தால்? எது என்று இரண்டுமே சொல்லாது. கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. எச்பிவி உடம்பில் தங்கிவிடுவதோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. எச்ஐவி உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 6 மடங்கு. அவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். அதனால் எந்த டெஸ்ட் எடுத்தாலும், நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) எச்ஐவிக்கும் இலவசமாகப் பார்த்துவிடுங்கள். கிளமிடியாவும், ட்ரைக்கோமோனாஸ் என்ற இன்னொரு பால்வினைத் தொற்றும் மருந்தில் குணமாகும். வீட்டுக்காரரும் சேர்ந்து சாப்பிட வேண்டும், இல்லையென்றால் திரும்ப வரும்.