தெருவுக்கு ஆகாது என்று சொல்லப்படும் ஒரு ஐம்பது எம்எம் லென்ஸ்

கேனான் இஎஃப் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "போர்ட்ரெய்ட்டுக்கு சூப்பர் சார், பின்னாடி அப்படியே ப்ளர் ஆகும்." க்ராப் சென்சார் (சின்ன சென்சார் உள்ள) பாடியில் மாட்டினால் 80 எம்எம் போல ஆகிவிடும், தெருவில் எடுக்க 28 இல்லையென்றால் 35 எம்எம் போன்ற அகலமான லென்ஸ் வேண்டும் என்று அடுத்த பாடமும் கூடவே வரும். நான் இதைத் தெருவில்தான் பயன்படுத்துகிறேன், அதுவும் க்ராப் பாடியில்.

2015-ல் வந்த லென்ஸ். 160 கிராம்தான் எடை, கழுத்தில் தொங்குவதே தெரியாது. கேமராவில் மாட்டும் மவுண்ட் உலோகம் (இதற்கு முந்தைய மாடலில் அது பிளாஸ்டிக்). ஹூட் தனியாக வாங்க வேண்டும், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஐஎஸ் கிடையாது. ஃபோகஸ் வளையம் மோட்டார் வழியாக வேலை செய்வதால் கேமராவை அணைத்த பிறகு திருகிப் பயனில்லை. முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் மறுபடி ஆன் செய்துதான் உள்ளே இழுக்க வேண்டும். இதன் விலைக்கு இதெல்லாம் எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

தெரு விஷயத்துக்கு வருகிறேன். மயிலாப்பூர் மாட வீதியில் அகலமான லென்ஸில் எடுத்தால் கடை, ஆட்டோ, கோபுரம், போஸ்டர் எல்லாம் வந்து விழும். இந்த ஐம்பதில் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். தொங்குகிற சாமந்தி மாலைகளுக்கு நடுவே லென்ஸை நுழைத்தால் பாதிப் படத்தை மஞ்சள் மூட்டம் மறைக்கும், மிச்சத்தில் பூக்கட்டுகிற அம்மாவின் கை மட்டும். முன்னால் எதுவும் மறைக்கக் கூடாது, ஆள் படத்தை மூன்றாகப் பிரிக்கும் மூன்றில் ஒரு பங்கு கோட்டில் நிற்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் இங்கே எடுபடாது. நீல தார்ப்பாய்க்குக் கீழே இருப்பதால் தோலும் லேசாக நீலமாக விழும். அதைத் திருத்தச் சொல்வார்கள். நான் திருத்துவதில்லை, அந்த இடத்தின் நிறமே அதுதானே. நியூயார்க்கில் சால் லெய்ட்டர் என்ற புகைப்படக்காரர் 1950-களிலேயே நீளமான லென்ஸ்களை வைத்து, பனி படிந்த கண்ணாடி வழியாகவும் கடைப் பந்தலின் அடியிலிருந்தும் தெருவைக் கலரில் எடுத்தார். அப்போது கலரே மட்டம் என்று பலர் நினைத்த காலம்.

அப்புறம் இந்த "1.8 வாங்கினால் 1.8-லேயே எடு" என்கிற பேச்சு. எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிதாகி வெளிச்சம் அதிகம் நுழையும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100 வைத்தால்கூட அதற்குக் கிட்டத்தட்ட 1/8000 நொடி ஷட்டர் வேண்டும், ஆரம்பநிலை பாடிகள் பலவற்றில் 1/4000-தான் உச்சம், படம் வெளுத்துப் போகும். இதைச் சொல்லித் தருவது பழைய சன்னி 16 விதி: நல்ல வெயிலில் எஃப்/16, ஷட்டர் ஏறக்குறைய ஐஎஸ்ஓ எண்ணில் ஒரு பங்கு நொடி (ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100). அந்த விதியை நான் விடமாட்டேன், ஏனென்றால் அது வெளிச்சத்தின் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு, பின்னணி மங்கல் இதெல்லாம் யாரோ ஒருவருடைய ருசி. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

இந்த லென்ஸ் 35 செ.மீ. வரை கிட்டே போகும். அங்கே 1.8 வைத்தால் சில மில்லிமீட்டர்தான் தெளிவு, நகம் தெரியும், நாரில் விழுகிற முடிச்சு தெரியாது. 5.6-க்குப் போனால் முடிச்சும் தெரியும், பின்னால் ஒருவர் பேரம் பேசுகிறார் என்றும் ஓரளவு புரியும். எனக்கு அந்த ஆளும் வேண்டும். பெரும்பாலும் 4-க்கும் 8-க்கும் நடுவில்தான் வைத்திருக்கிறேன், லென்ஸும் அங்கேதான் ஓரம் வரை கூர்மையாக இருக்கிறது.

வீட்டு விசேஷத்தில் குரூப் போட்டோ எடுக்கத்தான் என்றால் வாங்காதீர்கள், சின்ன ஹாலில் பின்னால் போகப் போக சுவர் முட்டும், கேமராவோடு வரும் கிட் லென்ஸே போதும். கேனானின் மிரர்லெஸ் வகையான ஆர்எஃப் மவுண்ட் பாடி இருந்தால் இதற்கு அடாப்டர் தேவை, அல்லது 2020-ல் வந்த ஆர்எஃப் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் பார்க்கலாம், அது 30 செ.மீ. வரை கிட்டே போகும். ஃபில்டர் அளவு மட்டும் மாறும்: இதற்கு 49 எம்எம், அதற்கு 43 எம்எம்.