திருச்சியில் இறங்கி இரண்டு இரவு செட்டிநாட்டில்: வண்டி, தங்குமிடம், சாவி, சுங்கம்

சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ திருச்சிக்கு வருகிறவர்களுக்குச் செட்டிநாடு மிகப் பக்கம். விமான நிலையமே புதுக்கோட்டைச் சாலையில் இருப்பதால் நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. புதுக்கோட்டை சுமார் 50 கிலோமீட்டர், அதைத் தாண்டி 20-ல் திருமயம், இன்னொரு 20-ல் காரைக்குடி. காலை விமானத்தில் வந்தால் போகும் வழியிலேயே பாதி ஊர்களைப் பார்த்துவிடலாம்.

பணம் வீணாவது பெரும்பாலும் வண்டியில்தான். வெளியூர் வாடகைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவார்கள். செட்டிநாட்டு ஊர்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பதால் நாள் முழுக்கச் சுற்றினாலும் 80 தாண்டாது. மீதிக்கும் காசு கொடுக்க வேண்டும். ஓட்டுநர் பேட்டா தனி. அதனால் காரைக்குடிவரை ஒருவழி வண்டி எடுத்துக்கொண்டு, அங்கே உள்ளூர்க் காரை 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று பேசிக்கொள்வதே நல்லது. ஒருவழி வண்டிகளிலும் பலர் குறைந்தபட்சம் 130 கிலோமீட்டருக்குப் பணம் கேட்பார்கள். வழியில் நிறுத்திப் பார்க்கக் காத்திருப்புக் கட்டணம் எவ்வளவு என்பதை ஏறும் முன்பே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

தங்குமிடத்தில் வருகிற சிக்கல் வேறு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை, 'சி' படிவம் என்று சொல்வதை, இணையத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவு வசதி இல்லாத சிறிய லாட்ஜுகள் இரவு பத்து மணிக்கு நீங்கள் வாசலில் நிற்கும்போது ‘இடம் இல்லை’ என்று சொல்லிவிடும். முன்பதிவுக்குமுன், ‘ஃபாரின் பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா?’ என்று நேராகக் கேளுங்கள். பழைய வீடுகளைத் திருத்தி விடுதியாக்கியவர்களுக்கு இது பழகிய வேலை. கானாடுகாத்தானில் விசாலம், காரைக்குடியில் பங்களா, திருமயத்தை ஒட்டிய கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்று சில உண்டு. அங்கே மதியம் இலைச் சாப்பாடு வேண்டுமானால் முந்தைய நாளே சொல்லிவிடுவது நல்லது. அம்மியில் அரைத்துச் சமைக்கும் இடத்தில் திடீரென்று எட்டுப் பேர் போய் உட்கார்ந்தால் யாருக்கும் நிறைவாக இருக்காது.

முதல் நாள் சித்தன்னவாசல், பிறகு திருமயம். புதுக்கோட்டைக்கு வடமேற்கே 16 கிலோமீட்டரில் உள்ள சித்தன்னவாசலில், சமணக் குடைவரையான அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக் குளத்து ஓவியம் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் கோயிலைச் சீரமைத்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பெயர் அங்கேயே கல்வெட்டில் இருக்கிறது. சமண முனிவர்களின் கல் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்துக்குத் தனியாக ஏற வேண்டும். பத்து மணிக்குமேல் பாறை சுடும் என்பதால் அதை முதலில் ஏறிவிட்டு ஓவியத்துக்கு வாருங்கள்.

நுழைவுச் சீட்டு இந்தியருக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300. ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை உள்ளவர்களுக்கு 2021 மார்ச் அறிவிக்கையின்படி இந்தியக் கட்டணம்தான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் சார்க் நாடு என்பதால் அதே கட்டணம். கடவுச்சீட்டை முதலில் நீட்டினால் 300-க்குக் கிழித்துவிடுவார்கள். ஓ.சி.ஐ. அட்டையை, அதுவும் அசலை, முதலில் காட்டுங்கள்.

திருமயத்தில் கோட்டையைவிடக் கோயில்களுக்கே நேரம் முக்கியம். ஒரே குன்றின் அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள் அவ்வளவு பெரியவர். மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே கோயில் முன்னால், கோட்டை பின்னால். பிள்ளையார்பட்டிக்கும் இதே கணக்கு: காலையிலேயே போய்விடுங்கள்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஒன்று புரிய வேண்டும். அவை அருங்காட்சியகங்கள் அல்ல. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள்; சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள்; கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் கதவு திறக்கும். சாவி காவலாளியிடம். கானாடுகாத்தான் அரண்மனையைப் பெரும்பாலும் வெளியே நின்றுதான் பார்க்க முடியும். உள்ளே நடந்து பார்க்க ஆத்தங்குடி இலட்சுமி வீடு, கட்டணத்துடன் திறந்திருக்கும். முகப்பு, வளவு (நடுமுற்றப் பகுதி), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அமைப்பை அங்கே முழுதாகப் பார்க்கலாம். மற்ற வீடுகளில் அனுமதி தருவது அந்தக் காவலாளியின் நல்லெண்ணம். தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பதும் திண்ணையில் ஏறிப் படம் எடுப்பதும் அடுத்து வருகிறவர்களுக்கும் கதவை அடைத்துவிடுகின்றன.

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் கல் (ஓடு) செய்வதைப் பார்க்கத் தனியே ஒரு மணி நேரம் வையுங்கள். கண்ணாடிப் பலகையின்மேல் சட்டம் வைத்து, உலோக அச்சின் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் அதன்மேல் ஈரமில்லாத மணல்-சிமென்ட், பிறகு குழைத்த கலவை. காய்ந்தபின் தண்ணீரில் ஊற வைப்பார்கள். சூளையே கிடையாது, பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. இதே கோலம் அச்சடித்த பீங்கான் ஓடுகளும் விற்பனையில் உண்டு. திருப்பிப் பாருங்கள்: அசலின் அடிப்பக்கம் சொரசொரப்பான சிமென்டாக இருக்கும். கனமும் ஓட்டுக்கு ஓடு கொஞ்சம் மாறும், அதனால் பதிக்கப் பழகிய கொத்தனார் வேண்டும். அமிலம் ஊற்றித் துடைத்தால் நிறம் போச்சு. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க மெருகு ஏறும்.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பித்தளைத் தூக்கு, எனாமல் அடுக்கு, மரப்பெட்டி எல்லாம் கிடைக்கும். ஆனால் 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சுவடிகளுக்கு அந்த வரம்பு 75 ஆண்டு. ‘ரொம்பப் பழசு’ என்று கடைக்காரர் சொல்லி விலை ஏற்றுகிறாரே, அதே பேச்சு சுங்கத்தில் உங்களுக்கு எதிராகத் திரும்பும். வயதில் ஐயம் வரக்கூடிய பொருளுக்குத் தொல்லியல் துறையிடம் ‘பழம்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்க வேண்டும். இரண்டு இரவில் அது நடக்காது. கண்டாங்கிச் சேலையும் பனையோலைக் கொட்டான் கூடையும் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.